பொட்டு வைக்காத ஸ்பானர்

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய ஆக்சிஜன் அறைக்கு எதிரே, இப்போது ஒரு பெரிய வெள்ளைத் தொட்டி நிற்கிறது. லாரி வருகிறது, குழாய் மாட்டித் திரவ ஆக்சிஜனை நிரப்புகிறது, போய்விடுகிறது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது மேலே ஆபீஸில் கம்ப்யூட்டரிலேயே தெரியுமாம். நான் வேலை பார்த்த காலத்தில் ஆள் உயரச் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து உருட்டி வந்து, சங்கிலி போட்டு நிறுத்தி, கையால் குழாய் இணைத்து, கையால் திறந்துவிட்டோம். தொட்டி வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அடுத்து வருகிற ஆள் முதுகுவலி இல்லாமல் வேலை செய்யட்டும்.

தொட்டியோடு சேர்ந்து பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பெண்ணும் வந்திருக்கிறார். பெயர் ரெம்யா. போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போன என்னை வராந்தாவில் நிறுத்திக்கொண்டார்.

"ஆறுச்சாமியண்ணா, ஒரு சம்சயம். பழைய ஆக்சிஜன் ரூம் சுவரில சட்டமெல்லாம் எழுதின பலகை உண்டல்லோ. எல்லா வரியும் எனக்கு மனசிலாச்சு. கடைசி வரி மட்டும் மனசிலாகலை. 'பூசைக்கு வைக்காத ஸ்பானர் ஒன்று எப்போதும் ஆணியில் தொங்க வேண்டும்.' இது எந்தச் சட்டத்தில வருது? பலகையைப் புதுசா எழுதப்போறோம். இந்த வரியை எடுத்துரட்டுமா?"

"எதை வேண்ணாலும் எடுங்க அம்மணி. அதை மட்டும் எடுத்தராதீங்" என்றேன்.

"அப்போ அது எதுக்குன்னு எழுதித் தாங்க. புதிய பணியாட்களுக்கு ஒரு சின்னப் புஸ்தகம் போடுறோம். அதில சேர்க்கலாம்."

"நான் எட்டாவதுங்க."

"அது மதி அண்ணா, போதும். எட்டாம் கிளாஸ்காரர் எழுதினா எல்லாருக்கும் மனசிலாகும்."

அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தித் தருகிறாள். மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான்.

என் ஊர் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி. அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சிலிண்டர் இறக்க ஆள் வேண்டும் என்று சொல்லித் தெரிந்தவர் ஒருவர் இங்கே கொண்டுவந்து விட்டார். கல்யாணமான புதிது. மூட்டை தூக்கிய தோளுக்குச் சிலிண்டர் பாரமாகத் தெரியவில்லை. இறக்கி வைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் அறைக்குள் இருந்தவர் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட, "நீ உள்ளே வா" என்று வர்க்கீஸ் சார் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனவன் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. சாரைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வர்க்கீஸ் சார் எங்கள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அடிமாலிப் பக்கத்திலிருந்து வந்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் ஆக்சிஜன் அறை வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டுவார். நாம் நம் கையை அதன் மேல் வைக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பிறகுதான் உள்ளே விடுவார்.

"எடோ ஆறுச்சாமி, காலையில உழுந்துவடை அல்லே?"

"ஆமாங்க சார். ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"ஒண்ணோ ரெண்டோ, அது உன் வயித்துக்கும் உனக்கும் உள்ள காரியம். கை எனக்கு. போய் சோப்பு போட்டுட்டு வா."

வாசலுக்கு இடது பக்கம் ஒரு குழாயும் சோப்புப் பெட்டியும் இருக்கும். ஆஸ்பத்திரியில் எங்கே தண்ணீர் வராவிட்டாலும் அந்தக் குழாயில் வரும். அப்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

ஏன் இந்தக் கெடுபிடி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சார் பதில் சொல்லமாட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து பித்தளை வால்வ் ஒன்றை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார். எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்று தெரியாது. பாதி வால்வ் வால்வாக இருக்கும். மீதிப் பாதி வெல்லப்பாகு போல உருகி வழிந்து உறைந்திருக்கும். கொஞ்ச நேரம் அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, "ஒரு துளி எண்ணெய். தீக்குச்சி இல்லை, பீடி இல்லை. திறந்தப்ப இப்படி ஆச்சு. திறந்தவனைப் பத்திக் கேக்கண்டா" என்பார்.

நான் புரிந்துகொண்டது இதுதான். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சிலிண்டருக்குள் அது அவ்வளவு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. வால்வைத் திறக்கும்போது பாய்ந்து வரும். பாய்கிற இடத்தில் எண்ணெயோ கிரீஸோ நெய்யோ இருந்தால், அந்த வேகத்துச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதன் பிறகு இரும்பென்றும் பித்தளையென்றும் பார்க்காது.

வீட்டில் இதனால் ஒரு பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறினாலும் எண்ணெய்க் குளியல் தவறாது. சனிக்கிழமை வேலைக்குப் போனால் சார் என் தலையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார வைத்துவிடுவார். நான் எண்ணெயை விட்டேன். என் மனைவி, "சனிக்கெழம எண்ணெ வெக்காம அப்பிடி என்ன கலெக்டர் உத்தியோகம் பாக்கறீங்" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது சார் காதுக்கு எப்படிப் போனதோ, அடுத்த மாதத்திலிருந்து என் வார விடுமுறை சனிக்கிழமையாக மாறியிருந்தது. பழனிக்கு முடி இறக்கிவிட்டு வந்த நாளில் மட்டும் சாருக்கு மிகவும் சந்தோஷம். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, "இப்பத்தான் நீ ஒரு நல்ல ஆக்சிஜன் ஆளு" என்றார்.

இனி ஆயுதபூசைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஆயுதபூசைக்கு மண்வெட்டியிலிருந்து டிராக்டர் வரைக்கும் பொட்டு வைக்காத சாமான் இருக்காது. பூசைக்கு வைத்த கருவியை விஜயதசமி காலையில்தான் திரும்பக் கையில் எடுப்போம். அதற்கு முன்னால் எடுத்தால் குறை என்று நினைக்கிற வீட்டில் பிறந்தவன் நான்.

சார் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் பூசை வேண்டாம் என்று சொன்னதில்லை. நான் உள்ளே வந்த முதல் வருஷம் என்னென்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கழுவுவோம், சந்தனம் வைப்போம், குங்குமம் வைப்போம், பூப் போடுவோம், கற்பூரம் காட்டுவோம், பொரியும் சுண்டலும் கொடுப்போம் என்றேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார். கற்பூரம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், தீ வரக்கூடாது என்று தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டி. சந்தனம் தண்ணீரில் குழைத்தது மட்டும், அதையும் நான் ஒருவன்தான் வைக்க வேண்டும், சிலிண்டரின் வயிற்றில் மட்டும். நோயாளிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிற வரிசை கம்பி வலைக்குள் பூட்டியே இருக்கும், அதன் பக்கம் யாரும் போகக்கூடாது. கடைசியாக, ஒரு ஸ்பானர் பூசைக்கு வைக்காமல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசி ஒன்று மனசுக்கு ஒப்பவில்லை.

"சார், எல்லாத்துக்கும் பூசை பண்ணிப்போட்டு ஒண்ண மட்டும் தள்ளி வெச்சா அது பாவமுங்க."

"எல்லாருக்கும் ஒரே நாள்ல லீவு கொடுத்தா ஆஸ்பத்திரி ஓடுமோ? பூசைக்கு நர்ஸுகள் எல்லாரும் ஊருக்குப் போயாச்சோ? ரெண்டு பேர் டூட்டியில இல்லியோ? அதுபோல இது டூட்டி ஸ்பானர்."

அவர் சொன்னபடியே ஆணியில் மாட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் பூசையன்று அதைப் பார்த்தால், கல்யாணப் பந்தியில் உட்கார வைக்காமல் வெளியே நிறுத்திய ஆளைப் பார்ப்பது போல இருக்கும். மனசுக்குள் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்வேன்.

அப்படிப் பல வருஷம் போனது. பிறகு பூவாத்தாள் வந்தாள்.

அவள் புருஷன் நடராசன் முதலமடையில் மாந்தோப்புகளுக்கு மருந்தடிக்கப் போகிறவன். காற்று எதிர்த்து அடித்த ஒரு நாளில் மருந்து அவன் மேலேயே விழுந்து, தோப்பிலேயே சுருண்டுவிட்டான். கொண்டுவரும்போது சொந்த மூச்சு இல்லை. மிஷின் வைத்தார்கள். பூவாத்தாளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கூடத் துணைக்கு இருக்க வேறு ஆள் இல்லாமல் வராந்தாவிலேயே கிடந்தாள். நான் சிலிண்டர் உருட்டிப் போகும்போது ஒரு நாள் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, இதுல இருந்துதான் அவருக்கு மூச்சு போகுதுங்களா?"

சுவரோரமாகப் போகிற வெள்ளைக் குழாயைக் காட்டி, இது வழியாகத்தான் போகிறது என்றேன். மறுநாளிலிருந்து அவள் அந்தக் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தேன். நான் தடுக்கவில்லை. வெளிக்குழாய்தானே, ஆபத்தில்லை. சொல்லப்போனால், பார்க்க நன்றாக இருந்தது.

அந்த வாரத்திலேயே ஆயுதபூசை வந்தது. நடராசனின் மிஷினும் இன்னும் சில பேருமாக ஆக்சிஜன் நிறையச் செலவாகிக்கொண்டிருந்தது. சிலிண்டர் ஏஜென்சிக்காரர்களுக்குப் பூசை விடுமுறை என்பதால் முன்கூட்டியே லோடு இறக்கியிருந்தோம். ஓடுகிற வரிசை தீர்ந்தால் மாற்றிவிடுவதற்கான ரிசர்வ் வரிசையில் காலியானவற்றைக் காலையில் கழற்றிவிட்டு, நிறைந்தவற்றை நிறுத்திச் சங்கிலி போட்டோம். வாயில் இருக்கிற பிளாஸ்டிக் சீலை உரித்து, சுத்தமான துணியால் துடைத்து, குழாய்களைத் தொங்கவிட்டு வைத்தோம். இணைக்கத் தொடங்குவதற்குள் ஜனங்கள் வந்துவிட்டார்கள். கூட்டம் நிற்கும்போது வால்வைத் தொடக்கூடாது என்பது சாரின் இன்னொரு சட்டம். "பூசை கழியட்டும். ஆள் போகட்டும். பிறகு மாட்டலாம்" என்றார். ஓடுகிற வரிசையில் மாலை வரைக்கும் தாங்குமளவு இருந்தது.

பூசை நல்லபடியாக நடந்தது. வழக்கம்போல நோயாளிகளின் வீட்டுக்காரர்களும் வந்து கும்பிட்டார்கள். அவர்களுக்காக அன்றைக்கு மட்டும் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்போம். கற்பூரம் மஞ்சள் கோட்டுக்கு அப்பால்தான் எரிந்தது. நான் முற்றத்தில் பொரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் கை கழுவிவிட்டு, குழாய் மாட்டலாம் என்று உள்ளே போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். நல்லெண்ணெய் வாசம்.

முதலில் என் சட்டையைத்தான் மோந்தேன். பிறகு பார்த்தேன். ரிசர்வ் வரிசையில் நான் வைத்த சந்தனம் வயிற்றில் காய்ந்து வெளிறிப்போயிருந்தது. அதற்கு மேலே, ஒவ்வொரு வால்வின் தலையிலும், தகதகவென்று மினுங்கிக்கொண்டு ஒரு ஆரஞ்சுப் பொட்டு. சில இடத்தில் ஒழுகி வாய் வரைக்கும் இறங்கியிருந்தது. அனுமார் கோயிலில் எண்ணெயில் குழைத்துத் தருவார்களே, அந்தச் செந்தூரம்.

எதையும் தொடாமல் வெளியே வந்து சாரைக் கூப்பிட்டேன். சார் வந்தார், எட்டிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். முகம் மாறவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இதை ஆரு வெச்சதுன்னு கோபப்படாம கேள்" என்றார்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வராந்தாவிலிருந்து பூவாத்தாள் தானாகவே எழுந்து வந்தாள்.

"நானுங்கண்ணா. காலைல கோயிலுக்குப் போயி அனுமாருக்குச் சாத்துன செந்தூரம் வாங்கியாந்தேனுங்க. அவருதானுங்களே வாயுபுத்திரன். காத்தோட மகன். இந்தக் காத்தையும் அவரே காக்கட்டும்னு எல்லாத்துக்கும் வெச்சேன். நீங்க பொரி குடுத்துட்டு இருந்தீங்."

அவள் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு தெளிவைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் அவளாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வர்க்கீஸ் சார் அவளை வாசல் படியில் உட்கார வைத்து, தானும் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பெயரெந்தா?"

"பூவாத்தாளுங்க."

"பூவாத்தா, பொட்டு எங்கெல்லாம் வெச்சதுன்னு எனக்குச் சொல்லணும். ஒண்ணு விடாம. மெதுவா ஆலோசிச்சுச் சொன்னா மதி. நான் சண்டை போட வரலை."

அவள் கண்ணை மூடி யோசித்துச் சொன்னாள். முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் நெற்றியிலும். பிறகு தொங்கிக்கொண்டிருந்த குழாய் நுனிகளில். "அது வாய் மாதிரீங்களே, அதனால உள்விளிம்புலயும் கொஞ்சம் தடவுனேனுங்க." பிறகு பூசைப் பலகையில் வைத்திருந்த ஸ்பானர், சாவி எல்லாவற்றிலும்.

"அந்தக் கம்பி வலைக்குள்ள?"

"அது பூட்டியிருந்துச்சுங்க. கையை உட்டுப் பார்த்தேன். எட்டலைங்க."

சார் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு ஸ்பானர் தொங்குதே. அதில?"

"அதுல ஒரு பூக்கூட இல்லீங்களே. ஒடஞ்சதாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

நிலைமை இதுதான். ஓடுகிற வரிசை சுத்தமாக இருக்கிறது, ஆனால் அது மாலைக்குள் தீர்ந்துவிடும். ரிசர்வ் வரிசை நிறைந்து நிற்கிறது, ஆனால் அதில் ஒன்றைக்கூடத் திறக்கக்கூடாது. துடைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். துணியால் துடைத்தால் எண்ணெய் போகாது, பரவும். அதைச் சுத்தம் செய்ய அதற்கென்று ஆட்களும் முறையும் இருக்கின்றன, ஏஜென்சிக்குத்தான் போக வேண்டும். ஏஜென்சிக்கு போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்களும் பூசையில் இருந்தார்கள். இதெல்லாம் சேர்ந்து, உள்ளே மிஷினில் படுத்திருந்த நடராசனின் மூச்சில் வந்து நின்றது.

சார் நேராக மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் போனார். நடந்ததை ஒரு வரி மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை, யார் செய்தது என்றும் கேட்கவில்லை. "மிஷின் இல்லாதவர்களையெல்லாம் சின்னச் சிலிண்டருக்கு மாற்றுகிறேன். பெரிய குழாய் நடராசனுக்கு மட்டும் இருக்கட்டும். டவுனில் எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, கேட்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். பாலக்காட்டு டவுன் ஆஸ்பத்திரியில் தருகிறோம் என்றார்கள். அவர்களுடைய வண்டியிலேயே சிலிண்டர்களை நிறுத்திக் கட்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். பூசைக் கூட்டத்தில் வழி கிடைக்க வேண்டுமே என்று எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் மணியன் சைரன் போட்டு முன்னால் வருவதற்காகப் போனான். அவன் வண்டிக்கும் வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தது. எதையும் அவிழ்க்காமல் அப்படியே போனான்.

பூவாத்தாளை என்ன செய்வது என்று எனக்குக் கவலையாக இருந்தது. அழ ஆரம்பித்திருந்தாள். என்னவோ கெட்டுப்போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்திருந்தது, என்னவென்று புரியவில்லை. வேறொருவராக இருந்தால் அவளை அங்கிருந்து விரட்டியிருப்பார்கள். சார் சோப்புப் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"முதல்ல நீ கழுவு. முழங்கை வரைக்கும். பிறகு இந்த வாசல்ல நில்லு. ஆரு வந்தாலும், டாக்டரே வந்தாலும், கை கழுவாம உள்ள விடண்டா. மோந்து பார்த்துட்டு விடு. இதுதான் உனக்கு வேலை."

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

வண்டி வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் ஓடுகிற வரிசையின் அழுத்த மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கந்த சஷ்டி எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் இறங்கியிருக்கும். வாசலிலிருந்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, நான் பண்ணுனது தப்புங்களா?"

பொய் சொன்னால் சாமி சன்னதியில் சொன்னது போல ஆகும் என்று உள்ளதைச் சொன்னேன். எண்ணெயும் இந்தக் காற்றும் சேரக்கூடாது, சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்றேன். அவள் கையிலிருந்த சோப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கு மூச்சு நல்லா வரோணும்னு வெச்சனுங்க."

"தெரியும் ஆத்தா. சாமிக்கும் தெரியும்."

பின்னால் வந்து நின்ற சார், "தப்பு அவளோடதல்ல. பலகையில நமக்கெல்லாம் எழுதி வெச்சோம். கும்பிட வர்றவங்களுக்கு ஒரு வரி எழுதினோமோ?" என்றார்.

வண்டி வந்தது. மணியன்தான் முதலில் குதித்து உள்ளே ஓடப் பார்த்தான். பூவாத்தாள் மறித்துவிட்டாள்.

"கை கழுவுங்."

"அக்கா, ஸ்டியரிங் புடிச்ச கைதான் அக்கா."

"அதுல கிரீசு இருக்கும். கழுவுங். இங்குட்டு நீட்டுங். இன்னொருக்கா கழுவுங்."

"பழனி மல ஏறறக்குக்கூட நான் இத்தன வாட்டி கழுவுனதில்லீங்" என்று முனகிக்கொண்டே கழுவினான். டாக்டரம்மாவும் வந்து, சிரிக்காமல், கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வந்த சிலிண்டர்களைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவர்களும் பூசை போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பொட்டு. சார் ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்தார். "சந்தனம். வெறும் தண்ணி. சீல் உடையலை" என்றார்.

ரிசர்வ் பக்கத்துக் குழாய்களைத் தொட முடியாது. அதனால் ஓடுகிற வரிசையிலேயே தீர்ந்துபோன சிலிண்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். பூசைப் பலகையில் இருந்த கருவி எதுவும் ஆகாது, எல்லாவற்றிலும் செந்தூரம். கதவுக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்து அந்த ஸ்பானரை எடுத்தேன். பூசையில்லாமல் தள்ளி வைத்திருந்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்றின் வால்வை அடைத்தேன். குழாயில் நிற்கிற காற்று வெளியே போகிற வரை காத்திருந்தேன். நட்டைக் கழற்றினேன். மணியன் காலியை உருட்டிப் போக, நிறைந்தது வந்து நின்றது. சங்கிலி போட்டேன். சீலை உரித்து, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டைக் கையால் சுற்றி, பிறகு ஸ்பானரால் இறுக்கினேன். சற்றுத் தள்ளி நின்று, வால்வை மெல்ல, மிக மெல்லத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம், பிறகு அமைதி. முள் ஏறியது. "அடுத்தது" என்றார் சார். அவசரம் என்று யாரும் சொல்லவில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இழுப்பறையில் இருக்கிற வால்வ் போதும். கடைசிச் சிலிண்டரைத் திறந்து முடித்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. வார்டிலிருந்து டாக்டரம்மா ஆள் அனுப்பியிருந்தார். நடராசனுக்கு அந்த நேரம் முழுவதும் ஒரு தடவைகூட மூச்சு குறையவில்லை.

பூவாத்தாளிடம் போய்ச் சொன்னேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"சார் போகச் சொல்லுலீங்களே" என்றாள்.

சார் வந்து சோப்புப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கினார்.

பூசை முடிந்த அந்த வாரம் மேலிடத்தில் சிலர், இனி ஆஸ்பத்திரிக்குள் பூசையே கூடாது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றார்கள். சார் ஒப்புக்கொள்ளவில்லை. "கூடாதுன்னு எழுதினா நமக்குத் தெரியாம நடக்கும். தெரிஞ்சு நடக்கட்டும்" என்றார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பக்தர்களுக்கு என்னவெல்லாம் செய்யத் தோன்றும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எண்ணெய், நெய், விளக்கு, விபூதி, அபிஷேக ஜலம், தாயத்து வரைக்கும் போனது. அப்போதிலிருந்து பூசை கம்பிக் கதவுக்கு வெளியேதான். கதவுக்கே மாலை, கதவுக்கே சந்தனம். கும்பிட வருகிறவர்கள் வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தாலும் வாசலில் ஒரு தட்டில் வைக்கலாம், உள்ளே வராது. இணைக்காத ரிசர்வோடு பூசை தொடங்கக்கூடாது. ஸ்பானரின் வரி அதற்கு முன்னால் சாரின் வாயில் மட்டும்தான் இருந்தது. அந்த வாரம்தான் அது பலகையில் ஏறியது.

கொரோனா சமயத்தில் இரவு பகல் தெரியாமல் சிலிண்டர் மாற்றினோம். சார் அப்போது ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். ஆனால் வாசலில் யாராவது ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு வால்விலும் ஒரு பொறி எழவில்லை. முருகன் அருள் என்று நான் சொல்வேன், சோப்பு என்று சார் சொல்வார். போனில் பேசும்போது இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

நடராசன் பிழைத்துக்கொண்டான். மிஷினை எடுத்த பிறகும் பல நாள் படுத்திருந்து, மெலிந்து, தன் காலால் நடந்து போனான். இப்போது மருந்தடிக்கப் போவதில்லை. மாங்காய் தரம் பிரித்துப் பெட்டி கட்டுகிற இடத்தில் இருக்கிறான்.

அடுத்த வருஷம் ஆயுதபூசைக்கு அவர்கள் இருவரும் வந்தார்கள். பூவாத்தாள் ஒரு பையை என்னிடம் நீட்டினாள். பூவோ தேங்காயோ என்று நினைத்தேன். கட்டி கட்டியாகக் கை சோப்பு. "வாசக் கொழாய்க்குங்க" என்றாள். அதற்குப் பிறகு வருஷம் தவறியதில்லை. அது தீராமல்தான் அந்தக் குழாயடி ஓடுகிறது.

எழுத உட்காருவதற்கு முன்னால் ரெம்யாவிடம் இதையெல்லாம் வாயால் சொன்னேன். இந்த வருஷப் பூசைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். போனேன். புதிய தொட்டியைச் சுற்றி வேலி, வேலிக்கு முன்னால் மஞ்சள் கோடு, கோட்டுக்கு வெளியே பூசை. பலகை புதிதாக எழுதப்பட்டிருந்தது. கடைசி வரி அப்படியே இருந்தது. அந்தப் பழைய ஸ்பானர் இப்போது தொட்டி வேலைக்கு ஆகாது. அதனால் புதிய அளவில் ஒன்றை வாங்கி அதே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பூவும் இல்லை, பொட்டும் இல்லை.

பூவாத்தாளும் வந்திருந்தாள். தலையில் நரை விழுந்திருக்கிறது. சோப்புப் பையைக் கொடுத்துவிட்டு, "நம்ம ஸ்பானரு எங்கீங்கண்ணா?" என்றாள். பழைய அறைக் கதவை விலக்கிக் காட்டினேன்.

அவள் நேராகக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கையை மோந்து பார்த்தாள். திரும்பி வந்து, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, ஈரக் கையோடு அதைக் கும்பிட்டாள்.